பத்து ரூபாய் பெறுமா இந்தக் காசு?

சென்ற ஆண்டு சித்திரைக் கடைசியில், மேலூருக்குக் கிழக்கே உள்ள சித்தப்பாவின் செவல் காட்டில் கோடை உழவு முடிந்த மறுநாள் விடியற்காலை, நீண்ட கம்பின் அடியில் தட்டு போன்ற வளையம் பொருத்திய ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு நான் வரப்பில் இறங்கியபோது, ஆட்டுக்கிடையை எழுப்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தண்ணி பாக்குறீகளா தம்பி?” என்று கேட்டார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்களைக் கண்டு பழகியவருக்கு அதுவே இயல்பான கேள்வி. பழங்காசு தேடுகிறேன் என்று நான் உண்மையைச் சொன்னதும் அவருடைய பேச்சு குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் எதையாவது தேடுகிறவன் என்றால், மை போட்டுப் பார்த்து, கிடா வெட்டி, அமாவாசை இரவில் கோயில் பீடத்தைப் பெயர்க்கும் கும்பலைச் சேர்ந்தவன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அப்படிப்பட்ட கும்பல்கள் பெயர்த்துப் போட்ட கற்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் சந்தேகத்தைத் தவறென்று சொல்லவும் முடியாது. அன்று பொழுது சாய்வதற்குள் சித்தப்பாவுக்கு மூன்று பேர் தொலைபேசியில் பேசிவிட்டார்கள்.

ஆகவே, இந்த ஓராண்டில் நான் என்ன செய்தேன், என்ன கிடைத்தது, கிடைத்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதை ஊராரும் படிக்கும்படி எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் எரிந்துபோய்ப் பட்டறைக்கு வரும். கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கேஜில், அதாவது அதே தடிமனில், புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். சுருளும் காந்தமுமாகவே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டவனுக்கு உலோகம் கண்டறியும் கருவி பெரிய புதிரன்று. அந்தத் தட்டுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புலத்துக்குள் ஒரு காசு அகப்பட்டால் காசின் உடலுக்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்தச் சுழல் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது சுருள், முதல் சுருளின் இரைச்சல் தன்மேல் விழாதபடி பார்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால், காசிலிருந்து வரும் இந்தச் சன்னமான பதிலை மட்டும் கேட்கிறது. மோட்டாருக்குள் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் அதனுள் சுழலும் ரோட்டருக்கும் இடையே நடப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே ரோட்டர் சுழல்கிறது, இங்கே காதில் ஓசை கேட்கிறது. பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து உலோகம் எது என்று கருவி ஊகிக்கிறது. இரும்புக்குக் கரகரவென்ற தாழ்ந்த ஒலியும், செம்புக்கும் வெள்ளிக்கும் கணீரென்ற உயர்ந்த ஒலியும் வரும்.

ஆனால் அந்த ஊகத்தை நம்பி மண்வெட்டியை எடுத்தால் முதுகு போய்விடும். முதல் மூன்று வாரங்களில் நான் தோண்டி எடுத்தவை லாட ஆணிகள், மாட்டு லாடத்தின் பாதித் துண்டுகள், கலப்பையின் ஒடிந்த கொழு முனை, பூச்சிமருந்துப் புட்டியின் மூடித் தகடு, பிரித்துப் போட்ட மாத்திரை அட்டை, பீர் புட்டி மூடி ஆகியவைதாம். எல்லாவற்றையும் விடக் கணீரென்று ஒலித்து என்னை ஓட வைத்தது, கிணற்றடியில் சிதறிக் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகள். அவற்றில் பாதி என் பட்டறையிலிருந்தே போனவையாகவும் இருக்கலாம். செவல் மண்ணும் சும்மா இருப்பதில்லை. அதன் சிவப்பே இரும்பின் நிறம். ஒரு காந்தத் துண்டை அதில் புரட்டினால் கறுப்புத் தூள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த மண்ணின் முனகலைக் கருவிக்குப் பழக்கி, அதைக் கழித்துவிட்டுக் கேட்கும்படி ஒவ்வொரு காட்டிலும் புதிதாகச் சமன் செய்ய வேண்டும். கள்ளிக்குடிப் பக்கம் நண்பர் ஒருவருடைய கரிசலில் வேறொரு தொல்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துவிடுவதால், மேலே கிடக்கும் சிறு பொருள்கள் வெடிப்புக்குள் விழுந்து கொழுவுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றன. என் கருவியோ ஒற்றைக் காசு என்றால் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடந்தால்தான் வாய் திறக்கும். கீழடிக்கு அருகே அகரத்தில் 2020ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த தங்க ‘வீரராயன் பணம்’ ஒரு சென்டிமீட்டர் அகலமும் சுமார் 300 மில்லிகிராம் எடையும் கொண்டது. அத்தனை சிறிய காசு காலடியிலேயே கிடந்தாலும் இந்தக் கருவியை நம்பிக்கொண்டு நடப்பவன் தாண்டிப் போய்விடக்கூடும்.

நான்காவது வாரத்தில் காசுகள் வரத் தொடங்கின. 1943க்கும் 1947க்கும் இடையில் அடித்த ஓட்டைக் காலணாக்கள் இரண்டு, 1957க்குப் பின் வந்த நயா பைசா ஒன்று. அப்பத்தா இருந்திருந்தால் யாருடைய சுருக்குப்பையிலிருந்து விழுந்தது என்றுகூடச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. விதைக்கவும் களை பறிக்கவும் போகிற காட்டில் யார் காசு கொண்டுபோய்ப் போடுகிறார்கள்? சந்தையில் விழலாம், சாவடியில் விழலாம், கோயில் வாசலில் விழலாம். கடலைக் காட்டின் நடுவில் எப்படி விழும்? சித்தப்பா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: “குப்பையோட வந்தது.” யோசித்துப் பார்த்தால் அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. ரசாயன உரம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குப்பைக்குழி இருந்தது. தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், வாசலும் வீடும் கூட்டிய தூசியும் ஆண்டு முழுவதும் அந்தக் குழியில் விழும். மழைக்கு முன்பு அதை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டில் கும்பி கும்பியாகக் கொட்டி இறைப்பார்கள். வீட்டுக்குள் பாய் மடிப்பிலிருந்து உருண்ட காசு, விளக்குமாற்றோடு போய்க் குழியில் விழுந்து, அடுத்த ஆடியில் காட்டுக்கு வந்துவிடும். உடைந்த சட்டி ஓடுகளும் அதே வண்டியில்தான் வருகின்றன. எங்கள் காடுகளில் சிவப்பு ஓட்டுச் சில்லுகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கேதான் கருவியும் கூடுதலாக ஒலிக்கிறது.

குப்பையோடு இன்னொரு வழியும் இருக்கிறது. கண்மாய் வற்றிய கோடையில் அதன் அடியில் படிந்த கரம்பையை வெட்டி நிலத்தில் அடிப்பது பழைய வழக்கம். இப்போதும் கண்மாய் வண்டலை உழவர்கள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுக்கிறது. மழை நீர் ஊர்த் தெருக்களைக் கழுவிக்கொண்டு கண்மாயில் இறங்குகிறது. தெருவில் தொலைந்தது கண்மாயின் மடியில் தங்குகிறது. கரம்பை அடிக்கும்போது அது யாருடைய வயலிலோ கரையேறுகிறது. சித்தப்பாவின் நிலத்தை ஒரு காகிதத்தில் வரைந்து, கிடைத்தவற்றையெல்லாம் அதில் புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். பழையவை என்று சொல்லத்தக்க பதினோரு உலோகப் பொருள்களில் எட்டு, தெற்கே உள்ள கீழக்காட்டில் விழுந்திருந்தன. அந்தக் காகிதத்தைக் காட்டியபோது சித்தப்பா சிரித்தார். எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் ஒரு கோடையில் தாத்தா கண்மாயிலிருந்து நாற்பது ஐம்பது வண்டி கரம்பை அடித்தது அந்த ஒரு துண்டு நிலத்துக்குத்தானாம். என் புள்ளிகள் காட்டியது பாண்டியர் கால ஊரை அன்று, தாத்தாவின் வண்டித் தடத்தை.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு மிகவும் பரவியது. அங்கும் இடைக்காலத்து உழவர்கள் வீட்டுக் குப்பையை வயலில் இறைத்ததால்தான் ஊரைச் சுற்றிய நிலங்களில் வெள்ளிப் பென்னிகள் கிடைக்கின்றன. சில்லறை இல்லாத குறைக்கு அந்தப் பென்னியையே பாதியாகவும் காலாகவும் வெட்டிச் செலவழித்திருக்கிறார்கள் என்பதால் வெட்டுத் துண்டுகளும் அகப்படுகின்றன. நம்மூரில் அந்தச் சிரமம் இல்லை. அன்றாடக் கைமாற்றுக்குச் செப்புக்காசு இருந்தது. கல்வெட்டுகள் ‘அன்றாடு நற்காசு’ என்றும் ‘திரமம்’ என்றும் ‘பழங்காசு’ என்றும் பல பெயர்களில் காசைக் குறிப்பிடுகின்றன. வட்டி என்ன, வாசி என்ன என்று கணக்குப் பார்த்துக் கல்லில் வெட்டி வைத்த ஊர்களின் காசுகள் இவை.

முதல் இடைக்காலக் காசை நான் கண்டெடுக்கவில்லை. ஐப்பசியில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், களைக்கொத்தின் நுனியில் தட்டுப்பட்டதை மடியில் போட்டுக்கொண்டு வந்து சித்தியிடம் கொடுத்திருக்கிறார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் அதே பாத்தியில் நான் கருவியோடு நடந்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் போவதற்குள் சித்தி அந்தக் காசைப் பூசைச் சாமான்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். பளபளவென்று புதுச் செம்பாக இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவத்தின் கோடு தெரிந்தது. மறுபக்கம் அமர்ந்த உருவமும், அதன் கையருகே நாகரி எழுத்தில் ‘ராஜ’ என்ற அளவும் எஞ்சியிருந்தன. இராசராச சோழன் பெயரில் அடித்து, பாண்டிய நாட்டிலும் ஈழத்திலும் ஏராளமாகப் புழங்கிய வகை அது. அதனால் பெரிய இழப்பில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும், ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து செம்பு தன்மேல் போர்த்திக்கொண்ட பச்சையும் கருமையுமான தோல்தான் எழுத்தின் கரைகளைக் காத்து நிற்கிறது. புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைத்துவிட்டால் அதில் நின்ற எழுத்தும் சேர்ந்தே போய்விடுகிறது. எலுமிச்சையும் செங்கற்பொடியும் செய்கிற கேடும் இதுவே. 1980களில் ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய ஒரு செப்புக்காசைக் காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்ட பிறகுதான் சங்க காலப் பாண்டியர்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்கள் என்பது உறுதிப்பட்டது. அந்தக் காசு யாராவது ஒரு சித்தியின் கையில் முதலில் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் சொன்னபோது, சித்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த காசு என் கருவிக்கே அகப்பட்டது. மார்கழியில், கடலை பிடுங்கிய கீழக்காட்டில், ஐந்து விரற்கடை ஆழத்தில். இம்முறை அதைத் துணியால்கூடத் துடைக்கவில்லை. வாலை வடிநீரில் இரண்டு நாள் ஊற வைத்து, நீரை மாற்றி, மூங்கில் பல்குத்தியின் நுனியை மழுக்கி, எழுத்துப் பள்ளங்களில் இருந்த மண்ணை மட்டும் நெம்பினேன். பிறகு இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பட்டறையில் கம்பி கேஜ் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒளி நேராக விழுந்தால் எதுவும் தெரியாது. சாய்வாக விழும்போதுதான் மேட்டுக்கு நிழல் விழும். முதலில் ஒரு கொக்கி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வளைவு. பழைய ஐகாரக் கொம்பு போட்ட ‘லை’ அது என்று பிடிபடக் கால் மணி நேரம் ஆனது. கீழ் வரியில் ‘யானா’ தெளிவாக நின்றது. அந்தக் காலத்துக் காசுகளிலும் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது என்பதால், ‘ந’ என்று கண்ணுக்குத் தெரிவதை ‘ந்’ என்று வாய் படிக்க வேண்டும். மேல் வரியில் பாதி மழுங்கிய ஒரு ‘லா’. எனக்கு முன்பே தெரிந்த ஒரே சொல்லில்தான் இந்த எழுத்துகள் பொருந்தின: எல்லாந்தலையானான். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காசுகளில் வருகிற விருதுப்பெயர், எல்லார்க்கும் தலைவனானவன். சோணாடு கொண்டான், கலியுகராமன், கோதண்டராமன், புவனேகவீரன் என்று இன்னும் பல விருதுகளைப் பாண்டியர் தங்கள் செப்புக்காசில் அடித்திருக்கிறார்கள். மறுபக்கம் முற்றிலும் தேய்ந்திருந்தது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது என்று உள்ளே இருந்து குரல் வந்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த நகைப் பட்டறை ஒன்றில் காசை நிறுத்துப் பார்த்தேன்: 3.6 கிராம். அந்த வீதிக்குப் போனால் எனக்கு எப்போதும் ஒன்று நினைவுக்கு வரும். பட்டறை வாசல்களையும் சாக்கடையையும் கூட்டி மண்ணை அரித்துத் தங்கத் துகள் எடுப்பவர்களைப் போலவே, வைகை மணலை அரித்துப் பிழைத்தவர்களும் மதுரையில் இருந்தார்கள். ஆற்று மணலில் கிடைத்த 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகளும் பாண்டியர் காசுகளும் அப்படி வெளிவந்தவையே. காசு வியாபாரிகளிடம் எதைக் கேட்டாலும் “வைகையில் கிடைத்தது” என்பார்கள். வைகை வருசநாட்டில் பிறந்து இராமநாதபுரம் வரை போகிற ஆறு. அதில் எந்தக் கரை, எந்தத் துறை என்று தெரியாவிட்டால் அந்தக் காசு தன் பெயரைச் சொல்லலாம், ஊரைச் சொல்லாது. கருவி வைத்திருப்பவனுக்கும் இதே பழி வந்து சேரும். அதனால்தான் காசை உறையில் போடுவதற்கு முன்பே சர்வே எண், வரப்பிலிருந்து எத்தனை எட்டு, எவ்வளவு ஆழம், என்றைக்கு என்று நான் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வேலை சட்டப்படி அறிவிப்பது. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் அது என்ன, ஏறக்குறைய என்ன பெறும், எங்கே, என்று கிடைத்தது என்பவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு; தெரிந்தே உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கு ஆறு மாதம். நூறு ஆண்டுக்கு முன்பு மண்ணுக்குள் போய், உரிமையாளர் இல்லை என்று முடிவானால், முக்கால் பங்கு எடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் சேரும். அல்லது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து அரசே வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் படித்துவிட்டு, காசையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“தங்கமா, வெள்ளியா?”

“செம்பு, சார்.”

“பத்து ரூபாய் பெறுமா இது?”

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது, ஏனென்றால் இந்தக் கணக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவன் அந்த அறையில் இல்லை. எரிந்த மோட்டாரிலிருந்து வெட்டிய செம்புக் கம்பியைக் கிலோ எழுநூறு ரூபாய் என்று நான் எடைக்குப் போடுகிறேன். அந்தக் கணக்கில் 3.6 கிராமுக்கு இரண்டு ரூபாய் ஐம்பத்திரண்டு பைசா. அரசு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து வாங்கினாலும் மூன்று ரூபாய் இரண்டு பைசாவுக்கு மேல் தேறாது. அதில் சித்தப்பாவுக்குக் கால் பங்கு. காசு சேகரிப்பவர்களிடம் போனால் இருநூறு ரூபாய்க்குக் குறையாது என்று சொன்னேன். அப்படியானால் அவர்களிடமே கொடுத்துவிடலாமே என்று அவர் சொன்னதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. தொல்பொருள்களை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1878இல் பத்து ரூபாய் என்பது ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவான தொகையாவது இருந்திருக்கும். இன்று அந்த வரம்பு ஒரு தேநீருக்குக்கூடக் காணாமல் நிற்கிறது. இரண்டு முறை அலைந்த பிறகு, சட்டம் கேட்கிற விவரங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, காசின் இருபுறப் படங்களையும் நிலத்தின் வரைபடத்தையும் இணைத்து, பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்து சேர்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் புதையலைப் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய திட்டம் ஒன்று, புதையல் என்ற வரையறைக்குள் வராத ஒற்றைக் காசையும் கிடைத்த இடத்தோடு பதிவு செய்துகொள்கிறது. எனக்கு அங்கிருந்து வேண்டியது இந்த ஒன்றுதான். பங்கு வேண்டாம், பரிசு வேண்டாம். மூன்று ரூபாய்க் காசாக இருந்தாலும் அதை எழுதிக்கொள்ள ஒரு மேசை வேண்டும். தங்கம் என்றால் இங்கும் எல்லாரும் ஓடி வருவார்கள். சமயநல்லூர் அருகே தேனூரில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தபோது வெளிப்பட்ட தங்கக் கட்டிகளில் தமிழ் பிராமியில் ‘கோதை’ என்ற பெயர் இருந்தது நாடறிந்த செய்தியானது.

ஊரார் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே, பழைய குடியிருப்பு இருந்த நத்தமேட்டில் நான் கருவியோடு கால் வைப்பதில்லை. உழுத காட்டின் மேல் மண் ஏற்கெனவே புரண்ட மண். அதில் ஒரு சாண் நோண்டினால் கொழு செய்ததையே நானும் செய்கிறேன். நத்தமேடு அப்படியன்று. கீழடியில் தென்னந்தோப்புக்கு நடுவே வெட்டிய குழியின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; அங்கே ஒவ்வொரு மண் அடுக்கும் ஒரு காலம், அதில் கிடக்கும் ஓடும் காசும் அந்த அடுக்கின் வயதைச் சொல்லும் சாட்சிகள். மேலிருந்து ஒருவன் குடைந்து காசை மட்டும் உருவிக்கொண்டு போனால் சாட்சி இருந்த கூண்டே காலியாகிவிடும். காட்டிலும் கொழு ஆழத்துக்குக் கீழே ஒலி கேட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறேன். அப்படி மூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழைய இரும்புக் குழாய் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார்.

தை மாதத்தில் அந்த ஆட்டுக்காரப் பெரியவர் பட்டறைக்கே வந்தார். அவருடைய பேரனின் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மோட்டாரை இறக்கிய பிறகு, வேட்டி முடிச்சிலிருந்து ஒரு சிறு காசை எடுத்து மேசையில் வைத்தார். தடித்த செப்புக்காசு, இரண்டு பக்கமும் அரபு எழுத்து. 1330களில் தொடங்கி 1370களில் முடிந்த மதுரைச் சுல்தான்களின் காசு என்று பார்த்தவுடன் சொல்ல முடிந்தது. மொராக்கோப் பயணி இபின் பதூதா மதுரைக்கு வந்து சென்ற காலத்தில் இந்த ஊர்க் கடைவீதியில் கைமாறியது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கண்மாயின் நடுமடைக்குக் கிழக்கே, இரட்டைப் பனையில் தென்பனைக்கு நேரே, எட்டாவது பாத்தி ஓரத்தில், போன புரட்டாசி முதல் மழைக்கு மறுநாள் என்றார். உறையில் நான் எழுதுவதைவிட அது நுட்பமான விவரம். அவர் பெயரில் தனியாக மனு எழுதித் தருகிறேன் என்றேன். அலுவலகம், கையெழுத்து எதுவும் வேண்டாம், உன்னுடையதோடு சேர்த்து அனுப்பு என்றார். கண்டெடுத்தவர் அவர் என்பதால் அவர் பெயரில்தான் அனுப்ப முடியும் என்று சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்குவதற்குள் மோட்டாருக்கு வார்னிஷே காய்ந்துவிட்டது. மண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கிற அவர் கண்ணுக்கு மழை கழுவிய நிலத்தில் காசு தானாகத் தெரிகிறது. அவர் ஐம்பது ஆண்டில் இருபது காசாவது எடுத்திருப்பாராம். மற்றவை எங்கே என்றதற்கு, எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

இந்த வைகாசியில் சித்தப்பா மறுபடியும் கரம்பை அடிக்கப் போகிறார், அனுமதி வாங்கியாகிவிட்டது. டிராக்டர் வரும் நாளைச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நடையும் கண்மாயில் எந்த மடைப் பக்கம் வெட்டியது, காட்டில் எந்த மூலையில் கொட்டியது என்று எழுதிக்கொள்ள நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நடுமடையையும் அந்த இரட்டைப் பனையையும் வரைந்தாகிவிட்டது.